சத்தம் இல்லாமல் ஓடிய சாட்சியம்

ஒருவர் பேசுவதைக் காதைப் பொத்திக்கொண்டு முழுதாகப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு நிமிடம் பார்த்திருப்பீர்கள், விளையாட்டுக்கு. பிறகு சலித்துப்போய்க் கையை எடுத்திருப்பீர்கள். நமக்குப் பேச்சு வேண்டும். யாராவது அழகாக, கோவையாக, நடுவில் தடுமாறாமல் சொன்னால் அது உண்மை என்று நம்பிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. பொய்யனுக்கு இதைவிடப் பெரிய ஊக்கத்தொகை வேறில்லை.

காஜா அக்காவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவர் ஞானி என்பதால் அல்ல. இரைச்சலில் வேலை செய்கிறவர் என்பதால்.

சட்டையில் பொத்தான் நுழையும் துளைக்கு நூல் கட்டுவதைக் காஜா எடுப்பது என்பார்கள். சீருடை தைக்கும் ஒரு கூடத்தில் அவருக்கு அதுதான் வேலை. அவருடைய இயந்திரம் மற்ற தையல் இயந்திரங்களைப் போல ஓடாது, குத்தும். டக்டக்டக்கென்று குத்தி, நடுவில் ஒரு கத்தி இறங்கித் துணியைப் பிளக்கும். இடதுபுறம் இஸ்திரி மேசை. வலதுபுறம் காற்றை வெளியே தள்ளுவதாகச் சொல்லிக்கொண்டு உள்ளேயே சுற்றும் ஒரு பெரிய விசிறி. அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. மாஸ்டர் தூரத்தில் நின்று இரண்டு விரலைக் கத்திரிபோல் காட்டினால் துணி வெட்ட வந்துவிட்டது என்று பொருள். உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து. கழுத்தைத் தடவினால் காலர். வாயைப் பார்த்தால் ஒன்றும் புரியாது, ஏனென்றால் மாஸ்டர் வாயில் எப்போதும் ஊசி இருக்கும்.

"மாஸ்டர் பொண்டாட்டிகிட்டயும் இப்பிடித்தான் கையிலயே பேசுவாரா?" என்று ஒருநாள் புதிதாக வந்த பெண் காதருகே குனிந்து கத்திக் கேட்டாள்.

"அந்தம்மா பேசறப்ப இவரு கைய கட்டிக்கிட்டு நிப்பாரு" என்றார் காஜா அக்கா. அதைச் சொல்லும்போதும் இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "நேரம் கெடைக்கல, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று பல வருடங்களாகச் சொல்லிவந்தார். ஒரு தங்கை இருந்தாள். இரண்டு அறை கொண்ட மாடி வீட்டில் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். தங்கை மெத்தைக்கு நுரை வெட்டும் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, மேற்பார்வையாளராக உயர்ந்தாள். வீட்டுக்கு வரும்போது தலைமுடியில் நுரைத்தூள் ஒட்டியிருக்கும். "ஏண்டி, பாதி மெத்தைய நீயே தூக்கிட்டு வந்துட்ட" என்று அக்கா சீப்பை எடுப்பார்.

அந்தப் பட்டறை எரிந்துவிட்டது. நுரை எரிந்தால் புகை தீயைவிட வேகமாக ஓடும். முன்வாசல் பக்கம் இருந்தவர்கள் பிழைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் பின்கதவை நோக்கி ஓடினார்கள். கதவு திறக்கவில்லை. தங்கைதான் எல்லோருக்கும் முன்னால் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் அவளோடு போனார்கள்.

இதுவரை நடந்தது கொடுமை. இதற்குப் பின் நடந்தது அநியாயம். இரண்டும் ஒன்றல்ல.

பட்டறை மேலாளர் தொடக்கத்திலிருந்தே ஒரே கதையைச் சொன்னார். பின்கதவு பூட்டப்படவில்லை. அது வெளிப்பக்கம் திறக்கும் கதவு. தள்ளினால் போதும். முன்னால் நின்றவள் பதற்றத்தில் தள்ளாமல் இழுத்துக்கொண்டே இருந்துவிட்டாள். சன்னல் வழியாகக் குதித்துத் தப்பிய ஒரு பெண்ணும், பாவம், கண்டதைச் சொன்னாள்: "அவங்க கைப்பிடியப் புடிச்சு இழுத்துக்கிட்டேதான் இருந்தாங்க." அவள் சொன்னது உண்மை. அந்த உண்மையைத் தூக்கித் தன் பொய்க்கு முட்டுக் கொடுத்தார் மேலாளர்.

கதவைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். இரும்புக் கதவு நெளிந்து கிடந்தது. விசாரணை தொடங்கும் முன்பே, ஆபத்தாக இருக்கிறது என்று சொல்லி, நிலையோடு பெயர்த்துப் பழைய இரும்போடு அனுப்பிவிட்டார்கள். வேலை செய்தவர்களுக்குத் தெரியாதா? தெரியாது. அவர்கள் வருவதும் போவதும் முன்வாசலில். பின்கதவைத் தொட்டால் வேலை போகும். வெட்டி மிஞ்சிய நுரைத் துணுக்கு மூட்டைகளை வெளியே போட மேலாளர் ஒருவர்தான் அதைத் திறப்பார், அதுவும் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு.

ஆக, தெருவில் ஒரு தீர்ப்பு வந்துவிட்டது. காஜா அக்காவின் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் இருந்த ஒரு தாய், தீயில் மகளை இழந்தவர், பேருந்து நிறுத்தத்தில் இவரைக் கண்டால் எழுந்து தள்ளிப்போய் நிற்பார். ஒருநாள் மட்டும், யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்: "முன்னாடி நின்னவளுக்குக் கொஞ்சம் மூளை இருந்திருந்தா எம்பொண்ணு இன்னிக்கு இருந்திருப்பா."

வேறு சிலர் விதி என்றார்கள். விதிக்குக் கீல் கிடையாது. கதவுக்கு உண்டு. அது எந்தப் பக்கம் இருந்தது என்பதுதான் கேள்வி.

விசாரணைக் குழு வேறொரு நகரத்தில் அமர்ந்தது. சாட்சியங்கள் எல்லாம் இணையத்தில் காணொளியாக வைக்கப்படும், பொதுமக்கள் யாரும் பார்க்கலாம், அடுத்த அமர்வுக்கு முன் கேள்வி எழுதி அனுப்பலாம் என்று அறிவித்தார்கள். காஜா அக்காவிடம் இருந்தது பொத்தான் அழுத்தும் சின்ன ஃபோன். வார விடுமுறை அன்று பொது நூலகத்துக்குப் போனார்.

நூலகத்தின் கணினி அறையைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் பென்குயின் என்பார்கள். அங்கிருந்த எல்லாக் கணினியிலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டவர் அவர். அதன் சின்னமான பென்குயின் படத்தைக் கதவில் ஒட்டியிருந்தார். அவர் நடையும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதால் பெயர் நிலைத்துவிட்டது.

காஜா அக்கா சொன்ன பக்கத்தை அவர் திறந்தார். காணொளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கட்டம். அதில் ஒரு வாசகம்: உங்கள் கணினியில் இது ஓடாது. வேறு கணினியில் முயலவும்.

"கெட்டுப்போச்சா தம்பி?"

"கணினி நல்லாத்தான் இருக்கு அக்கா. லினக்ஸுன்னு தெரிஞ்சதும் உள்ள விடமாட்டேங்கறாங்க."

"அது என்ன தப்புப் பண்ணிச்சு?"

"காசு குடுத்து வாங்கல. அதான் தப்பு. இது யாருக்கும் தனியா சொந்தமில்ல, எல்லாருக்கும் சொந்தம்."

"அப்ப தெருக்குழாய் மாதிரி."

"அதேதான். என்ன, சில நேரம் தண்ணி வராது" என்றார் பென்குயின்.

சிரிக்கலாம். ஆனால் அந்தச் சாம்பல் கட்டத்தை இன்னொரு தரம் பாருங்கள். பொதுப்பணத்தில் நடக்கும் விசாரணை. பொதுமக்கள் யாரும் பார்க்கலாம் என்று அறிவிப்பு. பொதுமக்களுக்கென்று உள்ள நூலகத்தில், பொதுவில் உருவான ஒரு மென்பொருளில் அது ஓடாது. கதவைத் திறந்துவைத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, குறிப்பிட்ட கடையில் வாங்கிய செருப்பு போட்டவர்கள் மட்டும் வரலாம் என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இதைச் செய்தவருக்குக் கெட்ட எண்ணம்கூட இருந்திருக்காது. யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலான அநியாயம் யோசிக்காததால்தான் நடக்கிறது.

பென்குயின் விடுகிறவர் இல்லை. அந்தப் பக்கத்தின் உள்ளே புகுந்து காணொளியின் நேர் முகவரியைப் பிடித்தார். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஒரு வரி தட்டினார். தனியாக ஒரு சன்னல் எழுந்தது. அதில் மேலாளர் உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஹெட்ஃபோனை மாற்றினார். வரவில்லை. இன்னொன்றை மாட்டினார். அதிலும் வரவில்லை. அதற்குள் அச்சு எடுக்க வந்தவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

"கொஞ்சம் இருங்க அக்கா, அவங்கள அனுப்பிட்டு வர்றேன்."

"நீ போய்ட்டு வா. இது பாட்டுக்கு ஓடட்டும்."

காஜா அக்கா பார்த்தார். கேள்வி கேட்கும் குழு வழக்கறிஞரின் முதுகு மட்டும் தெரிந்தது. மேலாளர் நல்ல சட்டை போட்டிருந்தார். காஜா சரியில்லை, மேலிருந்து மூன்றாவது துளையில் நூல் பிரிந்திருந்தது; அக்காவின் கண் முதலில் அங்கேதான் போனது. பிறகு கைக்குப் போனது. நாளெல்லாம் கையைப் பார்த்தே வேலை செய்கிறவர் வேறெங்கே பார்ப்பார்? அந்தக் கைகள் மேசைமேல் அடக்கமாக இருந்தன. வழக்கறிஞர் ஏதோ கேட்டார். வலது கை எழுந்தது. காற்றில் எதையோ பற்றியது. பற்றி, நெஞ்சை நோக்கி இழுத்தது. இழுக்கும்போது அவர் தோள் பின்னால் சாய்ந்தது. பிறகு இடது கை கீழிருந்து எதையோ தூக்கி முன்னால் வீசியது. மறுபடி இரண்டு கையும் மேசைக்கு வந்து ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டன.

அவர் என்ன பேசுகிறார் என்று காஜா அக்காவுக்குத் தெரியாது. அதனால் அது பொய்யா மெய்யா என்ற கேள்வியும் எழவில்லை. ஓர் ஆள் கதவை இழுத்துத் திறந்து மூட்டையை வெளியே எறிகிறான். பார்த்தவரையில் அவ்வளவுதான்.

பென்குயின் திரும்பி வந்தார். எதையோ சொடுக்கினார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சத்தம் வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு அக்கா. ஹெட்ஃபோனுக்குப் போகாம இந்தத் திரைக்குப் போயிருக்கு. திரைக்கு வாய் கிடையாது." வழியை மாற்றிவிட்டார். மாற்றிய வேகத்தில் வெளி ஸ்பீக்கருக்கு மாற்றிவிட்டார். மேலாளரின் குரல் நூலகம் முழுக்க முழங்கியது: "தள்ளினா போதும் சார்!"

"உஷ்!" என்றார் அடுத்த அறையில் எப்போதும் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவர். இதைத் தவிர வேறு எதுவும் பேசாததால் அவருக்குப் பெயரே உஷ்.

ஹெட்ஃபோனை ஆளுக்கு ஒரு காதாக வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஓட்டினார்கள். வழக்கறிஞர் கேட்டார்: "துணுக்கு மூட்டைய தினமும் எப்பிடி வெளிய போடுவீங்க?" மேலாளர் சொன்னார்: "தள்ளினா போதும் சார், கதவு வெளிப்பக்கம் தெறந்துக்கும். சின்னக் கொழந்தகூட தெறக்கலாம். மூட்டைய எறிஞ்சிட்டு வருவேன்."

காஜா அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றினார். "தம்பி, வாய் தள்ளுங்குது. கை இழுக்குதே."

"எங்க?"

பென்குயின் கவனிக்கவில்லை. குழுவில் இருந்தவர்களும், வழக்கறிஞரும், காணொளியைப் பார்த்த செய்தியாளர்களும் கவனிக்கவில்லை. அவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்களுக்குச் சத்தம் கேட்டது. காதில் 'தள்ளு' என்று விழுந்துவிட்டால் கண்ணும் தள்ளுவதையே பார்க்கும்.

பென்குயின் பின்னால் ஓட்டி, காணொளியை நிறுத்தினார். காணொளியை ஓட்டும் அந்த மென்பொருளில் முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரே ஒரு படம் முன்னால் நகரும், காற்புள்ளியைத் தட்டினால் ஒரு படம் பின்னால் போகும். தட்டித் தட்டிப் பார்த்தார்கள். விரல்கள் மூடின. முழங்கை மடங்கியது. முட்டி நெஞ்சருகே வந்தது.

பென்குயின் உற்சாகப்படவில்லை. மோவாயைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க அக்கா. வெளிய நின்னு தெறக்கிற மாதிரி காட்டியிருந்தா? வெளிப்பக்கம் தெறக்கிற கதவ வெளியேருந்து இழுக்கத்தானே செய்யணும்?"

நல்ல கேள்வி. நமக்குப் பிடித்த முடிவாக இருந்தாலும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்காமல் விழுங்கக்கூடாது. காஜா அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொரு முறை ஓட்டச் சொன்னார்.

"இழுத்துட்டு மூட்டைய எங்க எறியறான் பாரு. முன்னாடி. வெளிய நின்னுக்கிட்டு எறிஞ்சா மூட்ட உள்ளல்ல போகும்?"

பென்குயின் விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"எழுதுங்க அக்கா" என்றார்.

"நீ எழுது. நான் எழுதினா தப்புத் தப்பா வரும்."

"தப்பு வந்தா என்ன? உங்க கேள்வி, நீங்க எழுதினாத்தான் அது கேள்வி."

காஜா அக்கா ஒற்றை விரலால் தட்டினார். மேலாளர் கதவை எந்தப் பக்கம் திறந்து காட்டுகிறார் என்று சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கவும் என்று எழுதி, அது காணொளியில் எங்கே வருகிறது என்று குறித்தார். கீழே, 'முன்னால் நின்றவரின் அக்கா' என்று போட்டார். விசாரணைக் குழுவின் தளம் லினக்ஸில் கேள்விப்பெட்டியை மட்டும் திறந்து வைத்திருந்தது. அதையும் மூட யாருக்கும் தோன்றவில்லை போலும்.

அடுத்த அமர்வில் மேலாளர் மறுபடி அழைக்கப்பட்டார். எழுந்து நின்று, பட்டறைக்குள் நிற்பதாக நினைத்துக்கொண்டு கதவைத் திறந்து காட்டுங்கள் என்றார் குழுத் தலைவர். நூலகத்துத் திரையில் அதைப் பார்த்தபோது இம்முறை சத்தம் சரியாக வந்தது, ஆனால் கேட்க ஒன்றும் இல்லை. மேலாளர் நின்றார். கையைத் தூக்கினார். தூக்கிய கை நடுவில் நின்றது. எந்தப் பக்கம் போவது என்று அதற்குத் தெரியவில்லை. கடைசியில் தள்ளினார். தினமும் செய்த வேலையைச் செய்துகாட்ட ஒரு மனிதன் யோசித்த நேரம் அது.

ஆனால் இதை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது. ஆக்கவும் கூடாது. கை அசைவு சான்று அல்ல. ஒரு சந்தேகம், அவ்வளவே. அதைக் குழுவும் அறிந்திருந்தது. அவர்கள் சரியான காரியத்தைச் செய்தார்கள்: நேரில் போனார்கள். கதவு இல்லை, நிலை இல்லை. தரை இருந்தது. தரைமேல் உருகி இறுகிய நுரை தார்போல் படிந்திருந்தது. அதைச் சுரண்டினார்கள். சிமெண்டுத் தரையில், வாசலுக்கு உட்பக்கமாக, கால்வட்டமாக ஒரு கீறல் இருந்தது. தொங்கிப்போன இரும்புக் கதவு பல காலம் தரையை உரசி உரசி இழுத்த தடம். வெளிப்பக்கம் அப்படி ஒன்றும் இல்லை.

கதவு உள்பக்கம் திறப்பது. தங்கை இழுத்தது பதற்றத்தால் அல்ல. இழுத்தால்தான் அது திறக்கும். தீக்கு நடுவில் நின்று அவள் அதைக் கண்டுபிடித்திருந்தாள். கூட்டம் பின்னாலிருந்து அழுத்தியபோது அவளால் கதவை ஒரு சாண்கூட இழுக்க முடியவில்லை. முன்னால் நின்றவர்மேல் பிழை எதுவும் இல்லை என்று குழு எழுதியது. நூலகத்தில் பென்குயின் அதை வாசித்துக்காட்டினார்.

"இன்னொரு தடவ படி" என்றார் காஜா அக்கா. படித்தார். "சரி, போதும்" என்று பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

சில நாள் கழித்து எதிர்ச்சாரித் தாய் படியேறி வந்தார். உள்ளே வரவில்லை. கதவருகே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவ இழுத்தது சரிதானாமே."

"ஆமா."

"நான் என்னென்னவோ பேசிட்டேன்."

"பேசினீங்க" என்றார் காஜா அக்கா. இல்லை என்று சொல்ல அவருக்கு வரவில்லை.

அந்தத் தாய் போகவில்லை. அவர் வந்தது மன்னிப்புக்கு மட்டும் அல்ல என்பது அப்போதுதான் புரிந்தது. "பின்னாடி கூட்டம் தள்ளினதாலதான் தெறக்க முடியலன்னு போட்டிருக்கான்." சுவரிலிருந்து கையை எடுத்தார். "எம்பொண்ணு உன் தங்கச்சிக்கு அடுத்தாப்லதான் நின்னா. அப்ப அவதானே தள்ளியிருப்பா?"

காஜா அக்கா எழுந்து போய் அவர் கையைப் பிடித்தார்.

"அட போங்க. பின்னாடி தீ வந்தா நான் தள்ளுவேன். நீங்க தள்ளுவீங்க. அந்த மேனேஜரும் தள்ளுவான். மனுசனாப் பொறந்தவன் அத்தன பேரும் தள்ளத்தான் தள்ளுவாங்க. அது தெரியாமயா கதவு வெச்சான்?"

அந்தக் கேள்விக்குக் குழுவின் அறிக்கையில் இன்னும் பதில் இல்லை. பட்டறை வேறு பெயரில் வேறு கட்டடத்தில் ஓடுகிறது. மேலாளர்மேல் வழக்கு நடக்கிறது. நடந்துகொண்டே இருக்கும் போலத்தான் தெரிகிறது. விசாரணைக் குழுவின் தளத்தில் இப்போதும் அந்தச் சாம்பல் கட்டம் அப்படியே இருக்கிறது. பென்குயின் மூன்று முறை எழுதிப் போட்டும் யாரும் அதை எடுக்கவில்லை.

ஓடிக்கொண்டே ஆயிரம் பேர் முட்டும்போது தானாகத் திறக்க வேண்டிய ஒன்றை, ஒருவர் நிதானமாக நின்று இழுத்தால்தான் திறக்கும்படி வைத்துவிட்டு, செத்தவளுக்கு மூளை இல்லை என்று சொன்ன உலகம் இது. இந்த உலகத்தில் நீங்களும் எங்கோ வேலை செய்கிறீர்கள். உங்கள் பிள்ளைகள் எங்கோ படிக்கிறார்கள். நாளை அங்கே போனதும், வேலையைத் தொடங்கும் முன், யாரும் பயன்படுத்தாத அந்தப் பின்கதவுவரை நடந்து போங்கள். கைப்பிடியைத் தொடாதீர்கள். தோளால் தள்ளுங்கள். அது திறக்கவில்லை என்றால், ஏன் என்று எல்லோர் காதிலும் விழும்படி கேளுங்கள். பதில் வரும்வரை நகராதீர்கள்.